வீட்டின் ஆற்றல் மதிப்பீட்டில் மர நிழலைக் கணக்கிடும் முறை

ஆற்றல் திறன் மதிப்பீடு, அதாவது வீட்டைக் குளிரூட்டவும் சூடேற்றவும் எவ்வளவு ஆற்றல் தேவைப்படும் என்ற கணிப்பு, கட்டடத்துக்கு வழங்கப்படுவது. சுவரும் கூரையும் பல பத்தாண்டுகள் நிற்கும். மரமோ ஒரே புயலில் சாயலாம், அல்லது வீட்டை அடுத்து வாங்குபவரால் வெட்டப்படலாம். ஆகவே, நீங்கள் பின்பற்றும் மதிப்பீட்டு முறை மரங்களைச் சேர்க்க அனுமதிக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அனுமதித்தாலும் இல்லாவிட்டாலும், மரங்களோடு ஒன்றும் மரங்கள் இன்றி ஒன்றுமாக இரண்டு கணக்குகள் போட்டுக்கொள்வதே நல்லது.

மரத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் தவறு நேராது என்று பலர் கருதுகின்றனர். குளிரூட்டும் செலவைப் பொறுத்தவரை அது ஓரளவு சரியே, ஏனெனில் அந்தக் கணக்கு செலவைக் கூட்டிக் காட்டுமே தவிர குறைத்துக் காட்டாது. ஆனால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்ற வேண்டிய இடங்களில், சன்னல் வழியே வரவேண்டிய வெயிலை அதே மரம் தடுப்பதால், மரம் இல்லாத கணக்கு வெப்பமூட்டும் செலவைக் குறைத்தே காட்டும்.

அளக்கும்போது மரத்தின் உயரம், கிளைப்பரப்பின் அகலம், அது தரையிலிருந்து தொடங்கும் உயரம், சுவரிலிருந்து மரம் நிற்கும் தூரம், திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தைச் சூரிய உயரக் கோணத்தின் (அடிவானத்திலிருந்து சூரியன் நிற்கும் கோணம்) டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கி, மர உயரத்திலிருந்து கழித்தால், நிழல் சுவரில் எவ்வளவு மேலே ஏறும் என்பது கிடைக்கும். மேற்குச் சுவருக்கு நேர் எதிரே 6 மீட்டர் தள்ளி 8 மீட்டர் மரம் நிற்பதாகக் கொள்வோம். மரத்துக்கு நேர் பின்னால் சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கையில் நிழல் சுவரில் 2 மீட்டர் வரை ஏறும். 60 டிகிரியில் சுவரைத் தொடவே தொடாது. கிளைப்பரப்பு 2.5 மீட்டரில் தொடங்கினால், சூரியன் 10 டிகிரிக்கு இறங்கும்போது கிளைகளுக்கு அடியில் நுழையும் வெயில் சுவரில் ஏறத்தாழ 1.4 மீட்டர் வரை விழும். சன்னலின் கீழ்ப்பகுதி அதில் நனையும். கிளைப்பரப்பு தொடங்கும் உயரத்தைப் பெரும்பாலோர் அளப்பதே இல்லை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது ஒளிபுகும் விகிதம், அதாவது மரத்தின் ஊடாக வெயிலில் எவ்வளவு பங்கு கடந்து வருகிறது என்பது. கட்டடங்களின் ஆற்றல் பயன்பாட்டைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் இதை நிரப்பாமல் விட்டால், மரத்தை ஒளி சிறிதும் புகாத தடுப்பாகவே அது எடுத்துக்கொள்ளும். இலையுதிர் மரத்துக்கு மாதவாரியாக வெவ்வேறு மதிப்புகள் தேவை. அதே நேரத்தில், இலையற்ற மாதங்களிலும் கிளைகள் கணிசமான வெயிலை மறைப்பதால், அப்போது முழு வெயிலும் கிடைப்பதாக எழுதிவிடக் கூடாது.

கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்கு எதிரே உள்ள மரங்களுக்கே அதிக நேரம் செலவிடுங்கள். அங்கே வெயில் தாழ்வாக வருவதால் சன்னலுக்கு மேலுள்ள கூரை நீட்டம் போதுமான நிழல் தராது. குளிர்சாதனத்தின் கொள்ளளவை மட்டும் மரங்கள் இல்லாத கணக்கைக் கொண்டே முடிவு செய்யுங்கள். இளமரங்களை, வளர்ந்தபின் எட்டப்போகும் உயரத்துக்கு அன்றி இன்றைய உயரத்துக்கே பதிவு செய்து, அளந்த தேதியையும் புகைப்படத்தையும் அறிக்கையோடு இணைத்துவிடுங்கள்.