இரண்டு கீபோட், ஒரு சவுண்ட் மொடியூல்: மேடை ஏறமுன் வடிவாகக் கொழுவுவது எப்படி

மாங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழா. ஒன்பது மணிக்கு எங்கள் கோஷ்டி ஏற வேண்டும். ஏழரைக்கு நான் மேடைக்குப் பின்னால் குந்தியிருந்து சத்தமே வராத மொடியூல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தச் சத்தம் இல்லாத புதுக் கன்ட்ரோலர் கீபோட்டில் லைட் எரிகிறது, மொடியூலிலும் எரிகிறது, நடுவில் அன்றுதான் உறை கிழித்த கேபிள். ஒரு சுரம் கூட இல்லை. கடைசியில் சவுண்ட்காரர், “அண்ணை, வானுக்குள்ள ஒரு பழைய கீபோட் கிடக்கு, பாக்கிறீங்களா?” என்றார். அதன் பின்பக்கம் வட்டமான மிடி அவுட் இருந்தது. சாதாரண ஐந்து முள் கேபிளைக் கொழுவியதும் மொடியூல் பாடியது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மினக்கெட்ட பிறகுதான் காரணம் விளங்கியது.

மிடி என்றால் என்ன என்று இங்கே விளக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அந்த வயரில் ஓடுவது சத்தம் இல்லை, எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற செய்தி. சத்தம் பிறப்பது மொடியூலுக்குள்.

படி 1. பின்பக்கத்தைப் பாருங்கள். கீபோட்டில் வட்டமான மிடி அவுட் இருந்தால் அதிலிருந்து மொடியூலின் மிடி இன்னுக்கு. அவுட்டிலிருந்து இன்னுக்கு, எப்போதும். வேலை முடிந்தது, படி 3-க்குப் போங்கள்.

படி 2. யூஎஸ்பி மட்டும்தான் இருக்கிறதா? நான் விழுந்த குழி இதுதான். யூஎஸ்பியில் ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் வேலையாள். கணினி முதலாளி, கீபோட் வேலையாள். கடையில் மலிவாகக் கிடைக்கும், ஒரு முனையில் யூஎஸ்பியும் மறுமுனையில் இரண்டு வட்டப் பிளக்கும் உள்ள கேபிளும் வேலையாள்தான். அது கணினிக்காகச் செய்தது. இரண்டு வேலையாட்களைச் சேர்த்துவிட்டால் உத்தரவு கொடுக்க ஆளில்லை. அதன் யூஎஸ்பி முனை என் கீபோட்டின் சதுர வாய்க்குள் போகவே இல்லை. அடப்டர் ஒன்று தேடி வாங்கிக் கொழுவினேன். அடப்டர் தேவைப்பட்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்!

இதற்கு வேண்டியது யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்ற சின்னப் பெட்டி. கீபோட்டின் யூஎஸ்பி அதற்குள் போகும், ஐந்து முள் மிடி வெளியே வரும். கீபோட்டுக்குக் கரண்ட் கொடுப்பதும் அந்தப் பெட்டிதான். யூஎஸ்பி 2.0 அளவுப்படி 500 மில்லி அம்பியர் வரை கொடுக்கக்கூடிய பெட்டியா என்று பார்த்து வாங்குங்கள். கென்டன் செய்வது நல்லது, விலைதான் கையைச் சுடும். என்னைக் கேட்டால் புதிதாகக் கீபோட் வாங்குபவர்கள் வட்ட அவுட் உள்ளதையே வாங்குங்கள். பெட்டி ஒன்று கூடினால் மேடையில் பழுதாகக்கூடிய சாமானும் ஒன்று கூடுகிறது.

படி 3. இரண்டாவது கீபோட். இரண்டு அவுட்டையும் வை வடிவக் கேபிளால் ஒன்றாக்கி மொடியூலுக்குள் விட முடியாது. செய்திகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். இரண்டு பக்கச் செய்தியையும் ஒழுங்காக ஒன்று சேர்க்கும் மிடி மேர்ஜ் பெட்டி வேண்டும். முதல் கீபோட்டை இரண்டாவதன் இன்னுக்குள் விட்டு, இரண்டாவதன் த்ரூவிலிருந்து எடுத்தால் என்ன என்று சிலர் நினைப்பார்கள். த்ரூ, இன்னில் வந்ததை மட்டும்தான் அப்படியே தள்ளும். இரண்டாவது கீபோட்டில் நீங்கள் வாசிப்பது அதில் வராது.

படி 4. சனல், அதாவது ஒரே வயரில் ஓடும் செய்திகளில் எது யாருடையது என்று பிரிக்கும் எண். கீழ்க் கீபோட் 1, மேல்க் கீபோட் 2. பத்தாம் சனலைத் தொடவேண்டாம், பெரும்பாலான மொடியூல்களில் அது ட்ரம்ஸ்; புல்லாங்குழல் வாசிக்கப் போய் தட்டுமுட்டுச் சத்தம் வரும். என்னிடம் இருப்பது ரோலண்ட் ஜேவி-1080, 1994-இல் வந்த கிழவன், இன்றைக்கும் வயலின் சத்தம் அடித்துக்கொள்ள ஆளில்லை. அதில் ஒரே சத்தத்தை மட்டும் வாசிக்கும் பெச் மோடில் ஒரு சனல்தான் கேட்கும், மற்றக் கீபோட் ஊமை. பல சத்தங்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் பெர்போமன்ஸ் மோடுக்கு மாற்றினால் 16 பாகமும் திறக்கும். அதிலே கன்ட்ரோல் சனல் என்று ஒன்று உண்டு. அதை நீங்கள் வாசிக்கும் சனலில் வைத்துவிட்டால், ஒரு சத்தத்தை மாற்றப் போக முழு பெர்போமன்ஸும் மாறிவிடும். பாவிக்காத ஒரு சனலில் வையுங்கள்.

சத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் புரோகிராம் எண் ஒன்று தள்ளிப் போனால் பயப்படவேண்டாம். வயரில் 0 முதல் 127, சில கீபோட்டின் திரையில் 1 முதல் 128.

படி 5. ஒன் பண்ணும் ஒழுங்கு. கீபோட், மொடியூல், மிக்சர், கடைசியாக அம்ப். அப்போது சஸ்டெயின் பெடலில் கால் இருக்கக்கூடாது. பல கீபோட்கள் ஒன் ஆகும் நேரத்தில்தான் பெடலின் நிலையைப் படிக்கும். கால் இருந்தால் எல்லாம் தலைகீழ், விட்டால் இழுக்கும், மிதித்தால் வெட்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போது மிடி கேபிளைப் பிடுங்கவும் வேண்டாம், அழுத்தியிருந்த சுரம் நின்று ஊதிக்கொண்டே இருக்கும். எல்லாச் சுரத்தையும் ஒரேயடியாக நிறுத்தும் பெனிக் பொத்தான் எங்கே என்று முதலே பார்த்து வையுங்கள்.

ஜெனரேற்றரில் ஓடும் மேடையில் “உம்ம்ம்” என்று இரைந்தால் ஐந்து முள் மிடி கேபிளைச் சந்தேகிக்காதீர்கள். மிடி இன்னுக்குள் ஒளியால் தகவல் கடத்தும் ஒரு சில்லு இருக்கிறது, இரண்டு பக்கக் கரண்டும் தொடாது. இரைச்சல் ஓடியோ வயரில்தான். மொடியூலுக்கும் மிக்சருக்கும் நடுவில், இரண்டு பக்கக் கரண்டையும் பிரித்து ஓடியோவை மட்டும் கடத்தும் டிஐ பெட்டி போடுங்கள். சவுண்ட் செட் மோனோ என்றால் இடப்பக்க எல்-மோனோ வாயில் மட்டும் கொழுவுங்கள்.

பிறகு சேர்த்தது: ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். நான் சொன்னபடி எல்லாம் செய்தும் ஊமை. அரை மணித்தியாலம் கதைத்த பிறகுதான், பழைய கசட் டெக்கின் ஐந்து முள் கேபிளைக் கொழுவியிருக்கிறார் என்பது வெளியே வந்தது. பிளக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் சிலவற்றில் உள்ளே வயர் குறுக்காக மாறிப் போயிருக்கும். மிடிக்கு வேண்டியது 4-உம் 5-உம் நேருக்கு நேர், நடு முள்ளான 2 கவச வயருக்கு. மீட்டர் வைத்துப் பார்த்தார், 4 போய் 1-இல் நின்றது. அறுத்து நேராக ஈயம் பற்றவைத்தார். பின்னேரம் போனிலேயே ஒரு பாட்டு வாசித்துக் காட்டினார், மேல்க் கீபோட் இன்னும் பத்தாம் சனலில்.