பார்சல் வரவில்லை, ஆனால் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறார்களா?

போன மாதம் அம்மாவின் முழங்கால் பட்டை டெலிவரி ஆகிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. வாசலில் ஒன்றுமில்லை. மூன்று நாள் அலைந்த பிறகு, அடுத்த தெருவில் அதே கதவு எண் உள்ள வீட்டில், செருப்பு ஸ்டாண்டு மேல் நனைந்த அட்டைப்பெட்டியாகக் கிடைத்தது. வலியோடு காத்திருந்தவருக்கு அது சின்ன விஷயமில்லை.

சென்னையில் பழைய எண், புது எண் குழப்பம் தீரவே தீராது. அதனால் முகவரியில் இரண்டையும் எழுதுங்கள். கூடவே பக்கத்துக் கோயிலையோ மருந்துக்கடையையோ குறிப்பிடுங்கள். பின்கோடின் கடைசி 3 இலக்கம்தான் அஞ்சலகத்தைக் காட்டும், அதை இன்னொரு தடவை சரிபாருங்கள். பொருள் கைக்கு வருமுன் யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள்.

தவறிப்போனால் அன்றைக்கே ஆப்பில் புகார் பதியுங்கள். டெலிவரி செய்தபோது எடுத்த புகைப்படத்தைக் கேளுங்கள். கதவின் நிறத்தைப் பார்த்தாலே உங்கள் வீடா இல்லையா என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் துப்புக் கிடைத்தது. ஸ்பீட் போஸ்ட் என்றால், ரசீதில் உள்ள 13 எழுத்து எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 1800 266 6868-ஐ அழையுங்கள். ஆன்லைன் கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.