ஐரோப்பாவுக்குக் காரில் புறப்படுமுன் காப்புறுதியைச் சரிபார்ப்பது எப்படி?

பிரித்தானியாவிலிருந்து டோவர் துறைமுகம் வழியாகவோ கடலடிச் சுரங்க ரயில் வழியாகவோ காருடன் பிரான்சில் இறங்குவது நம்மவர்களுக்குப் பழகிய பயணம். பாரிஸ் லா சப்பலில் உறவினர் வீடு, ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் தேர், சுவிஸில் ஒரு திருமணம் என்று காரணங்களுக்கும் குறைவில்லை. முதல்முறை போகிறவர்கள் "இங்குள்ள காப்புறுதி அங்கும் செல்லுமா?" என்று கேட்கிறார்கள். செல்லும். ஆனால் எந்த அளவுக்குச் செல்லும் என்பது உங்கள் பாலிசியைப் பொறுத்தது. அதைப் புறப்படும் நாளுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே பார்த்துவிட வேண்டும்.

படி 1: பத்திரங்களை எடுத்து வையுங்கள்

காப்புறுதிச் சான்றிதழ், உங்கள் பெயரும் கட்டுப்பணமும் உள்ள விபரப் பத்திரம், நீளமான பாலிசிக் கையேடு ஆகிய மூன்றும் தேவை. கையேட்டில் வெளிநாட்டில் வாகனம் ஓட்டுவது பற்றித் தனிப் பகுதி இருக்கும். அதை முழுமையாக வாசியுங்கள்.

படி 2: காப்பின் அளவைக் கண்டுபிடியுங்கள்

பிரித்தானியாவில் வழங்கப்படும் ஒவ்வொரு வாகனக் காப்புறுதியும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குறைந்தபட்ச மூன்றாம் தரப்புக் காப்பையாவது தர வேண்டும். நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கும் சேதத்துக்கும் அது பணம் கொடுக்கும். உங்கள் காருக்கு ஒன்றும் கொடுக்காது. இங்கே முழுக்காப்புறுதி வைத்திருப்பவருக்கும் கடலைக் கடந்ததும் இந்தக் குறைந்தபட்சம் மட்டுமே மிஞ்சுவது உண்டு. பாரிசின் நிலத்தடி வாகனத் தரிப்பிடம் ஒன்றில் குறுகலான வளைவில் திரும்பும்போது தூணில் உரசிக் கதவு நசுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதவுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டிய வேறு சாரதி அங்கே யாருமில்லை. கதவு மாற்றும் செலவு முழுவதும் உங்களுடையதே. கார் களவு போனாலும் நிலைமை இதுதான்.

ஆகவே கையேட்டில் "அந்த நாட்டுச் சட்டம் கோரும் குறைந்தபட்சக் காப்பு" என்ற பொருளில் ஒரு வாக்கியம் மட்டும் இருந்தால் அத்துடன் திருப்தி அடையாதீர்கள். "உங்கள் விபரப் பத்திரத்தில் உள்ள அதே காப்பு" என்ற பொருள்படும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் நிறுவனத்தை அழைத்து, பயண நாட்களுக்கு மட்டும் முழுக்காப்பை நீட்டிக்க எவ்வளவு என்று கேளுங்கள். புதிய கார் வைத்திருப்பவர்கள் அந்தக் கூடுதல் தொகையைக் கொடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படி 3: நாட்களை எண்ணுங்கள்

முழுக்காப்பு இருந்தாலும் அதற்குப் பெரும்பாலும் நாள் வரம்பு இருக்கும். சில பாலிசிகளில் 30 நாட்கள், சிலவற்றில் 90 நாட்கள். அந்த எண் ஒரு பயணத்துக்கா, ஓராண்டின் மொத்தப் பயணங்களுக்கா என்பதையும் பாருங்கள். பாலிசி புதுப்பிக்கும் திகதி பயணத்தின் நடுவில் வருகிறதா என்பதையும் கவனியுங்கள்.

படி 4: யார் ஓட்டுகிறார், யாருடைய கார்?

நம் குடும்பங்களில் கார்கள் கைமாறுவது சாதாரணம் என்பதால் இந்தப் படியை அவசரமாகத் தாண்டக் கூடாது. பிறர் காரை ஓட்டலாம் என்று சான்றிதழில் உள்ள சலுகை பெரும்பாலான பாலிசிகளில் வெளிநாட்டுக்குப் பொருந்தாது. மச்சானின் காரில் போகிறீர்கள் என்றால், அவருடைய பாலிசியில் உங்கள் பெயரைச் சாரதியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தையும் வி5சி பதிவுப் பத்திரத்தின் மூலப்பிரதியையும் கொண்டு செல்லுங்கள். வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்த காராக இருந்தால் வி5சிக்குப் பதிலாக, அந்தக் காரை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல அனுமதி உண்டு என்று காட்டும் விஇ103 சான்றிதழை வாகன நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

படி 5: நாடுகளின் பட்டியல்

2021 ஆகஸ்ட் 2 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் சுவிட்சர்லாந்து, நோர்வே போன்றவற்றுக்கும் கிரீன் கார்ட் (வெளிநாட்டில் காப்புறுதி இருப்பதைக் காட்டும் சர்வதேசச் சான்று) தேவையில்லை. துருக்கி, அல்பேனியா, வட மசிடோனியா, மால்டோவா, உக்ரைன் ஆகியவற்றுக்கு இன்னும் தேவை. காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் செல்லும்.

படி 6: பழுது உதவியும் சட்டச் செலவும்

இவை இரண்டும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியவை. பழுது உதவி ஐரோப்பாவுக்கும் பொருந்துகிறதா, ஓட முடியாத காரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரும் செலவு அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். சட்டச் செலவுக் காப்பைப் பலர் வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள். 2021 தொடக்கம் முதல், அங்கே ஒருவர் உங்கள் மீது மோதினால் இழப்பீட்டு வழக்கை அந்த நாட்டிலேயே, அந்நாட்டு மொழியிலேயே நடத்த வேண்டி வரலாம். அப்போது உள்ளூர் சட்டத்தரணிக்கு யார் பணம் கொடுப்பார் என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

படி 7: எழுத்தில் பெற்று, காரில் வையுங்கள்

தொலைபேசியில் கேட்ட எல்லாவற்றையும் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சலையும் சான்றிதழையும் அச்சிட்டு, காப்புறுதி நிறுவனத்தின் இழப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவின் 24 மணி நேர எண்ணுடன் சேர்த்துக் காரில் வையுங்கள். விபத்து நடந்தால் இரு சாரதிகளும் சேர்ந்து நிரப்பும் ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம் ஒன்றையும் ஆங்கிலத்தில் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தப் படிவம் எந்த மொழியில் இருந்தாலும் கட்டங்களின் எண்களும் அமைப்பும் ஒன்றே. நீல நிறப் பகுதி ஒரு வாகனத்துக்கும் மஞ்சள் பகுதி மற்றதற்கும் உரியவை. 12ஆம் கட்டத்தில் விபத்து நடந்த விதத்தைக் குறியிட வேண்டும்; 13இல் படம் வரைய வேண்டும்; 15இல் இருவரும் கையெழுத்திட வேண்டும். எதிரே நிற்பவர் பிரெஞ்சுப் படிவத்தை நீட்டினால், உங்கள் ஆங்கிலப் பிரதியை அருகில் வைத்து எண்ணுக்கு எண் பொருத்தி வாசியுங்கள். அவர் 12ஆம் கட்டத்தில் இட்ட குறி உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் கையெழுத்திடாதீர்கள். அந்தக் கையெழுத்தைப் பின்னர் மறுப்பது மிகக் கடினம்.

பிரான்சின் ஓட்டோரூட் நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால், உங்கள் பழுது உதவி நிறுவனத்தின் வண்டி அங்கே வர முடியாது. செம்மஞ்சள் நிற அவசரத் தொலைபேசியிலோ 112 இலோ அழைத்தால், அந்தச் சாலைக்கு அனுமதி பெற்ற வண்டியே காரை வெளியே இழுத்துச் செல்லும். அதற்குரிய கட்டணத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். பழுது உதவி நிறுவனத்திடம் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க அது அவசியம்.