பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ரூட்டரை நகர்த்திப் பாருங்க: வீட்டு வைஃபை சரி பண்ற முறை

ஹால்ல வீடியோ நல்லா ஓடுது, பெட்ரூம் கதவைச் சாத்தினா வட்டம் சுத்திக்கிட்டே நிக்குதுன்னா உடனே 100 எம்பி பிளானை 200க்கு மாத்திடுறாங்க, இல்லன்னா புது ரூட்டர் வாங்கிடுறாங்க. அதுக்கு முன்னாடி பைசா செலவில்லாம பண்ற வேலை கொஞ்சம் இருக்கு, நிறைய வீட்ல பிரச்சனை அதுலயே தீந்துடும். இதுக்கு கம்ப்யூட்டர் படிச்சிருக்கணும்னு இல்ல, யார் வேணா பண்ணலாம்.

1. கோளாறு லைன்லயா, வைஃபைலயா?

லேப்டாப்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, லேன் கேபிளை நேரா ரூட்டர்ல சொருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. பிளான்ல சொன்ன வேகம் வந்துச்சுன்னா கம்பெனி மேல தப்பில்ல, வீட்டுக்குள்ள வைஃபைலதான் பிரச்சனை. 200, 300 எம்பி பிளான் போட்டும் 94, 95லயே நின்னா போர்ட்டோ (ரூட்டர்ல கேபிள் சொருகுற ஓட்டை) கேபிளோதான் காரணமா இருக்கும். கேபிளுக்குள்ள 8 கம்பி இருக்கு, 100 எம்பிக்கு அதுல 4 போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும், ஒண்ணு நுனில இருக்கிற பிளக்ல சரியா அழுந்தி உக்காரலன்னாலே (கிரிம்ப் ஆகலன்னாலே) பெரும்பாலும் 100க்கு இறங்கிடும். விலை கம்மியான சில ரூட்டர்ல போர்ட்டே 100தான், அட்டைப்பெட்டில ஏசி 1200னு பெருசா போட்டிருப்பான், ஆனா அது வைஃபையோட ரெண்டு பட்டைல 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 300, 5 கிகாஹெர்ட்ஸ்ல 867, ரெண்டையும் கூட்டி ரவுண்ட் பண்ணின கணக்கு, ஒரு போனுக்கு அவ்வளவு வரவே வராது.

2. இடம்

இதுலதான் நான் ரொம்ப நேரம் செலவு பண்ணச் சொல்லுவேன். கனெக்‌ஷன் குடுக்க வர்றவர் கேபிள் எங்க உள்ள வருதோ அங்கயே பாக்ஸை மாட்டிட்டுப் போயிடுவார், அது வாசப்படி ஓரமா இருக்கும், இல்லன்னா டிவிக்குப் பின்னாடி, ஷோகேஸுக்குள்ள. ரூட்டருக்கும் உங்களுக்கும் நடுவுல ஸ்டீல் பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி, மீன் தொட்டி எதுவும் இருக்கக்கூடாது, இரும்பு சிக்னலைத் திருப்பி அடிச்சிடும், தண்ணி உறிஞ்சிடும். கம்பி போட்ட கான்கிரீட் சுவரும் தளமும் அதே மாதிரி மோசம்தான், செங்கல் சுவர் பரவாயில்ல. வீட்டுக்கு நடுவுல, தலை உயரத்துக்கு மேல, சுத்தி காலியா இருக்கிற இடமா பாருங்க.

ஆன்டெனாவை இஷ்டத்துக்கு சாய்ச்சு வைக்காதீங்க. குச்சியைச் சுத்தி சிக்னல் பரவுறது உளுந்து வடையோட ஓட்டைல குச்சியைச் சொருகின மாதிரி, பக்கவாட்டுல நிறைய, குச்சியோட நுனி பக்கம் ரொம்பக் கம்மி. அதனால ஒரே தளம்னா நேரா நிமித்தி விடுங்க, மாடிக்கும் வேணும்னா ஒண்ணை மட்டும் படுக்க வைங்க.

நகர்த்தினதுல லாபம் இருக்கான்னு கோடு எண்ணிப் பாக்காதீங்க, நம்பர் பாருங்க. ஆண்ட்ராய்டுல வைஃபை அனலைசர்னு தேடினா நிறைய ஆப் வரும், ஐபோன்ல ஆப்பிளோட ஏர்போர்ட் யூட்டிலிட்டி போட்டு, செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்கு வைஃபை ஸ்கேனரை ஆன் பண்ணணும். சிக்னல் பலத்தை டிபிஎம்னு மைனஸ்ல காட்டும், பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர நல்லது: -50 டிபிஎம் அருமை, -67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும், -80ன்னா பேருக்குத்தான் கனெக்ட் ஆகியிருக்கும். எங்க வீட்ல பீரோவுக்குப் பின்னாடி இருந்த ரூட்டரை ஹால் சுவர்ல ஏத்தி மாட்டினதும் கட்டில் கிட்ட -78 காட்டினது -64க்கு வந்துச்சு. கேக்க 14 புள்ளிதான், ஆனா 10 டிபி ஏறினாலே பவர் 10 மடங்கு, 14ன்னா 25 மடங்கு!

3. 2.4ஆ, 5ஆ?

5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, ஆனா சுவர் தாண்டினா சோர்ந்துடும். 2.4 தூரம் போகும், ஆனா அங்க கூட்டம், பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் அதே பட்டைலதான். ரூட்டர் பக்கத்துல யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் வச்சிருந்தா அதைக்கூட தள்ளி வைங்க, அதோட இரைச்சலும் 2.4ல வந்து விழும். டிவி, லேப்டாப், போனை 5ல போடுங்க. ஸ்மார்ட் பிளக், பல்பு, சிசிடிவி கேமரால பாதிக்கு மேல 2.4 மட்டும்தான் தெரியும், அது கனெக்ட் ஆகலன்னா ரூட்டர்ல ரெண்டுக்கும் தனித்தனி பேர் வச்சுட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க.

4. சேனல்

ரூட்டர் அடில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க, 192.168.1.1 மாதிரி ஒரு நம்பர், யூசர்நேம், பாஸ்வேர்டு இருக்கும், அந்த நம்பரை பிரவுசர்ல அடிச்சு, யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு உள்ள போங்க. ஒரு பட்டைக்குள்ள இருக்கிற தனித்தனி பாதைதான் சேனல், வயர்லெஸ் பக்கத்துல 2.4க்கு 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணு மட்டும் வைங்க. ஒவ்வொரு சேனலும் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கு, ஆனா சிக்னல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதனால இந்த மூணு மட்டும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. அனலைசர்ல எதுல கூட்டம் கம்மியோ அதை எடுங்க, அகலத்தை 20லயே விடுங்க, 40 வச்சா உங்களுக்கும் கெடும் பக்கத்து வீட்டுக்கும் கெடும். 5ல 36ல இருந்து 48 வரைக்கும் எதுவும் ஓகே.

உள்ள போனதோட அட்மின் பாஸ்வேர்டையும் மாத்திடுங்க, செக்யூரிட்டின்னு இருக்கிற இடத்துல டபிள்யுபிஏ2 (WPA2) இல்லன்னா டபிள்யுபிஏ3 வைங்க, பாஸ்வேர்டு அடிக்காம பட்டனோ பின் நம்பரோ வச்சு கனெக்ட் பண்ற டபிள்யுபிஎஸ்ஸை (WPS) ஆஃப் பண்ணிடுங்க.

5. இன்னும் ஒரு ரூம் மட்டும் எட்டலன்னா

ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி பரப்புற பெட்டி) வாங்க ஓடாதீங்க. ஒரே ரேடியோல வாங்கி அதுலயே திருப்பி அனுப்புற மலிவு ரிப்பீட்டர்ல வேகம் பாதியாகிடும். பழைய ரூட்டர் சும்மா கிடந்தா அதை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா மட்டும் பரப்புற மோடு) மாத்தி, மெயின் ரூட்டர்ல இருந்து ஒரு கேட் 5இ (Cat 5e) லேன் கேபிள் இழுத்து அந்த ரூம்ல வைங்க, 100 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம். பேர், பாஸ்வேர்டு ரெண்டுலயும் ஒண்ணாவே இருக்கட்டும், 2.4 சேனல் மட்டும் வேற. மெயின்ல 1ன்னா இதுல 6 இல்ல 11. ஃபைபர் வயரை மட்டும் நீங்களா இழுத்து மடிக்காதீங்க, உள்ள கண்ணாடி இழை, உடைஞ்சா மறுபடி ஆள் வந்துதான் ஒட்டணும்.

எல்லாம் முடிஞ்சதும் ராத்திரி 9 மணிக்கு, தெருவே நெட் பாக்குற நேரத்துல, அதே கட்டில் கிட்ட நின்னு இன்னொரு தடவை ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்க. பகல்ல 1ம் சேனல் காலியா தெரிஞ்சிருக்கும், ராத்திரி அது நிரம்பியிருந்தா 11க்கு மாத்திடுங்க.