பதினொரு மாதம் பெட்டிக்குள்: கிறிஸ்துமஸ் நினைவுப் பொருள்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை பிறந்த ஆண்டு, திருமணம் நடந்த ஆண்டு, தோட்டத்து வீட்டை விட்டு தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த ஆண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொங்கல் வாங்கியோ செய்தோ கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. மரத்தில் தொங்கும்போது உடைபவை குறைவு. பெட்டிக்குள் கிடக்கும் பதினொரு மாதத்தில்தான் பெரும்பாலானவை பாழாகின்றன. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் தாண்டியதும் மரத்தைக் கழற்றி, கைக்குக் கிடைத்த பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு ஸ்டோர் ரூமில் தள்ளிவிடுகிறோம். அடுத்த டிசம்பரில் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கிறது.

மலேசியாவில், நம் ஊர்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இரவில் 90ஐத் தாண்டும். பூஞ்சை பிடிக்க 70 போதும். குளிர்நாட்டு வீடுகளுக்காகச் சொல்லப்பட்ட முறைகளை இங்கே அப்படியே பின்பற்றுவதுதான் முதல் தவறு.

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உப்பு மாவு. கோதுமை மாவு இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்துப் பிசைந்து, குழந்தையின் உள்ளங்கையைப் பதித்து, ஓவன் அடுப்பில் காயவைப்பார்கள். குளிர்நாடுகளில் இது ஆண்டுக்கணக்கில் இருக்கும். இங்கே மழைக்காலத்தில் உப்பு ஜாடி என்ன ஆகிறதோ அதுதான் இதற்கும் ஆகும். ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கைத்தடம் முதலில் பிசுபிசுக்கும், பிறகு வளையும், கடைசியில் எறும்பும் பூஞ்சையும் சேரும்.

அவசரத்துக்கு 180 டிகிரியில் சுடுவது இன்னொரு தவறு. மேல்பக்கம் உப்பிச் சிவக்கும், நடுவில் ஈரம் தங்கிவிடும். உப்பு மாவில்தான் செய்வேன் என்றால் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு வேண்டாம். 120 டிகிரியில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் காயவையுங்கள், பாதியில் திருப்பிப் போடுங்கள். முழுதாக ஆறிய பிறகு வார்னிஷ் மூன்று பூச்சு. முன்பக்கம் மட்டும் பூசிவிட்டு நிறுத்துபவர்கள்தான் அதிகம். பின்பக்கம், ஓரம், கயிறு கோர்க்கும் துளையின் உள்சுவர் எல்லாவற்றிலும் பூச்சு ஏற வேண்டும், ஏனென்றால் ஈரம் நுழைவது துளை வழியாகத்தான். ஆனாலும் ஒரே ஒருமுறை கிடைக்கும் கைத்தடத்தை உப்பு மாவில் எடுக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் பாலிமர் களிமண்ணை, பொட்டலத்தில் போட்டிருக்கும் சூட்டில் சுடுங்கள். பெரும்பாலும் 130 டிகிரியை ஒட்டி, அரை மணி நேரம் இருக்கும். அதில் உப்பும் இல்லை, மாவும் இல்லை.

கண்ணாடி உருண்டைகளுக்கு வேறு சிக்கல். ஜெர்மனியின் லவுஷா என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த ஊதுகண்ணாடித் தொழிலில் வெள்ளிப் பூச்சு உருண்டையின் உள்ளே இருக்கும், வண்ணம் வெளியே இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பழைய வண்ணம் கையோடு வந்துவிடும். மேலே கொக்கி மாட்டும் உலோகத் தொப்பியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பூச்சு உரிந்து கறை படியும். கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம். மேக்கப் போடும் மெல்லிய பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு தூசியை மட்டும் தட்டுங்கள்.

உருண்டை விழுவது பெரும்பாலும் கொக்கியால் அல்ல, தொப்பியால். தொப்பிக்குள் இருக்கும் கம்பிக் கால்கள் தளர்ந்துபோனால் உருண்டை தானே கழன்று விழும். தொப்பியைக் கழற்றி, கால்களை விரித்துவிட்டு மறுபடி செருகுங்கள். மெல்லிய இரும்புக் கொக்கிகள் ஓரிரு ஆண்டில் துருப்பிடித்துக் கறை விடும். அவற்றுக்குப் பதில் தூண்டில் நரம்பு கட்டலாம். கனமானவற்றைக் கிளை நுனியில் மாட்டாமல் தண்டை ஒட்டி மாட்டுங்கள். ஹாலில் காற்றாடி சுழலும் வீட்டில் அதன் நேர்க்கீழே மரத்தை வைப்பதும் தவறு. இரவு முழுக்க ஆடும் மரத்தில் முடிச்சுகள் தாமாகவே தளரும்.

ரப்பர் பேண்டு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் ரப்பர் வளர்த்த ஊரில். ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். அந்தக் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஞானஸ்நானத்துக்கு வாங்கிய வெள்ளிச் சிலுவையை ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைத்தால், அடுத்த ஆண்டு அந்த இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். வெயில் சூட்டில் ரப்பர் இளகி ஒட்டிக்கொண்டால் எடுப்பதும் கஷ்டம். பருத்தி நாடா போதும். பியூட்டரில் செய்தவற்றுக்கு இந்தப் பயம் குறைவு. அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெள்ளீயம், வெள்ளியைப் போல் கறுக்காது. ஆனால் மென்மையான உலோகம் என்பதால் மேலே கனமானதை வைத்தால் வளைந்துவிடும்.

போட்டோ வைத்த தொங்கலில் அசல் படத்தை வைக்காதீர்கள். தாத்தா பாட்டியின் ஒரே படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் உரிக்கும்போது முகம் போய்விடும். ஸ்டூடியோவில் பிரதி எடுத்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓர் அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடுங்கள். வீட்டு பிரிண்டரில் எடுத்த படத்தின் மை ஈரத்தில் கசியும்.

தோட்டத்திலிருந்தே எடுத்த பொருள்களை மாட்ட நினைப்பவர்கள் பெருகி வருகிறார்கள். அது நல்ல எண்ணம். ரப்பர் கொட்டையைப் பொறுக்கியதும் அப்படியே கயிறு கட்டுவதுதான் அதில் நடக்கும் தவறு. உள்ளே எண்ணெய் நிறைந்த பருப்பு இருக்கிறது. அது சிக்கடித்துப் பூச்சியையும் எறும்பையும் கூட்டி வரும். 2 மில்லிமீட்டர் துளைக் கம்பியால் இருபுறமும் துளையிட்டு, கம்பியால் பருப்பைக் கிளறி வெளியே எடுத்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்துங்கள். பச்சைப் பருப்பில் நஞ்சு உண்டு, சின்னப் பிள்ளைகள் கையில் படாமல் அப்புறப்படுத்துங்கள். ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணத்தைக் கிளையில் தொங்கவிடாமல் மரத்தடியில், குடில் பக்கத்தில் வையுங்கள். கனம் தாங்காது.

இனி பெட்டி. செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும், தாளின் அமிலம் வண்ணத்தைத் தின்னும். பபிள் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றினால் சூட்டில் வட்ட வட்டமாகத் தடம் விழும். கஞ்சி போடாமல் துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணிதான் நல்லது. பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கையும் தெர்மாகோலையும் இளக்கும். ஈரம் உறிஞ்ச அரிசி போடுவதும் வண்டுக்கு விருந்து வைப்பதுதான். இறுக்கி மூடும் 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால் பார்த்தவுடன் தெரியும். மாறிவிட்டால் 120 டிகிரி ஓவனில் ஓரிரு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். மழை பெய்யும் மாலையில் பெட்டியை மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்து அடைக்கிறீர்கள். வெயில் ஏறிய நண்பகலில் மூடுங்கள். தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே வைத்தால் பசை போட்டு ஒட்டியதெல்லாம் கழன்றுவிடும். படுக்கையறை அலமாரிதான் சரியான இடம். ஜூன் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய இருபத்துநான்கு உருண்டைச் செட்டை நினைவுப் பெட்டியில் கலக்காதீர்கள். ஆண்டுக்கு ஒன்று போதும். பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பெட்டி இருந்தால், கல்யாணமாகிப் போகும்போது எது யாருக்கு என்ற பேச்சே வராது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எழுதாமல் விடுவது. பொருள் உடையாமல் இருந்தும், எதற்காக வாங்கியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் போகிறது. தோட்டம் கைமாறி, லயத்து வரிசை வீடுகள் இடிந்து, சொந்தம் நாலு ஊருக்குப் பிரிந்த குடும்பங்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் எழுதினால் விரல் பட்டு அழியும். சின்ன அட்டையில் 2பி பென்சிலால் எண் மட்டும் எழுதி நூலில் கட்டுங்கள். ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஆண்டு, பொருள், யார், எங்கே, ஏன் என்று எழுதுங்கள். மரத்தைக் கழற்றும் அன்றே எழுத வேண்டும், அடுத்த வாரம் என்று தள்ளினால் நடக்காது. வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது அவர்களையே சொல்லச் சொல்லி, அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுங்கள். ஒரு பதிவு இவ்வளவு இருந்தால் போதும்:

எண் 14. 2009. ரப்பர் கொட்டை மூன்று, சிவப்பு நாடா. பாட்டி கடைசியாகப் பால் வெட்டிய நிரையில் பொறுக்கியது. அடுத்த ஆண்டு அங்கே செம்பனை நட்டார்கள்.