கண்ணில் மின்னல் கோடா? மணியைப் பாருங்கள்

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணோரம் வளைந்து வளைந்து ஒரு கோடு மின்னுகிறதா? உடனே மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஒற்றைத் தலைவலியின் அறிகுறியா, வலிப்பா என்று பிரித்தறிய எவ்வளவு நேரம் நின்றது என்பது உதவும். ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் 'ஆரா' என்ற முன்னறிகுறி மெல்ல மெல்லப் பரவும். பெரும்பாலும் 5 முதல் 60 நிமிடம் நிற்கும். கோணல்மாணலான, பளபளக்கும் கோடுகள்தான் அதிகம். வலிப்பு சட்டென்று வரும், பொதுவாக ஓரிரு நிமிடத்தில் அடங்கும். மூளையின் பார்வைப் பகுதியில் தொடங்கினால் வண்ண வட்டங்கள் தெரியலாம். நினைவு தப்பியிருந்தால் வலிப்பு என்றே சந்தேகப்படலாம். தலைவலியை மட்டும் நம்பாதீர்கள், வலிப்புக்குப் பிறகும் அது வரும். பாலிகிளினிக் போகும்போது அந்தக் குறிப்போடு, பக்கத்தில் இருந்து பார்த்தவரையும் கூட்டிப்போங்கள்.

அப்புறம், திடீரென்று ஒரு பக்கம் கை மரத்துப் பேச்சுக் குளறினால் பக்கவாதமாகவும் இருக்கலாம். மணி பார்த்துக்கொண்டு நிற்காமல் சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலும் அதேதான்.