காய்ச்சல் வந்த முதல் நாளைக் குறித்து வையுங்கள்

எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் 2021 மே மாதத் தாள்களை அம்மா இன்னும் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலில் மூன்று எண்கள்: காய்ச்சல், ஆக்சிஜன், நாடித்துடிப்பு. மூலையில் 'நாள் 4', 'நாள் 5' என்று ஒரு குறிப்பு. அப்போது எனக்கு அது கொஞ்சம் ஓவராகத் தெரிந்தது. இன்று யோசித்தால், கொரோனாவில் நாம் செய்த தவறுகளில் முக்கால்வாசி நாள் கணக்கில் செய்தவைதான். சோதனையை முந்திச் செய்தோம், மருந்தை முந்தித் தின்றோம், ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனோம்.

அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்றே சொல்லிவிட்டது. ஆனாலும் ஏதாவது புதிய திரிபு செய்தியில் அடிபட்டால் போதும், பழைய தவறுகள் அத்தனையும் வாட்ஸ்அப்பில் மறுபடி வரிசை கட்டுகின்றன. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் சோதனை. என் சித்தப்பாவின் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தொற்று உறுதியானது. சித்தப்பா மறுநாள் காலையிலேயே மூக்கில் குச்சி விட்டுச் சோதனை செய்துகொண்டார். நெகட்டிவ். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் ஒரு வளைகாப்புக்குப் போனார். யாராவது கேட்டால் எடுத்தும் காட்டினார். ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல். அந்த மண்டபத்திலிருந்து எத்தனை வீடுகளுக்குப் போனது என்று நாங்கள் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

சோதனைக்கூடத்தின் மேல் பிழை இல்லை. கிருமி உடம்புக்குள் புகுந்து, சோதனையில் தெரியும் அளவுக்குப் பெருக நாளாகும். தொடக்கத்தில் வந்த வகைக்கு அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து நாள் ஆனது. பிறகு வந்த ஒமைக்ரான் திரிபுக்கு மூன்று நாள் அளவில். அதனால்தான் நெருங்கிப் பழகியவர்களை, அறிகுறி இல்லாவிட்டாலும், 5-ஆம் நாளுக்கும் 10-ஆம் நாளுக்கும் இடையில் ஒருமுறை சோதிக்கச் சொல்லி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020-இல் வழிகாட்டியது. மறுநாளே எடுத்த நெகட்டிவ், நேற்றைய உடம்பைப் பற்றிய தகவல். வளைகாப்புக்கு அது நுழைவுச்சீட்டு ஆகாது.

இன்னொரு வகையும் உண்டு. இருமலும் காய்ச்சலும் இருக்கும்; அரை மணி நேரத்தில் முடிவு சொல்லும் ஆன்டிஜன் சோதனையில் நெகட்டிவ் வரும்; 'சளிக் காய்ச்சல்தான்' என்று விட்டுவிடுவார்கள். அறிகுறி இருந்து ஆன்டிஜன் நெகட்டிவ் என்றால் அடுத்து, இன்னும் நுட்பமான ஆய்வகச் சோதனையான ஆர்டி-பிசிஆர் செய்தாக வேண்டும் என்பதே அப்போதைய விதி. ஆன்டிஜனில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் சந்தேகப்பட வேண்டும். இது புரியாமல் நிறையப் பேர் ஏமாந்தார்கள்.

அப்புறம் ஆர்டி-பிசிஆர் அறிக்கையில் வரும் அந்த சிடி எண். மாதிரியில் கிருமி எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவாக அது வரும். அறிக்கையில் 17 என்று இருந்தால் வீடே அழும், 30 என்றால் கொண்டாட்டம். மூக்கில் குச்சியை எப்படிச் சுழற்றினார்கள் என்பதில்கூட அந்த எண் மாறும். நோய் எவ்வளவு கடுமையாகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என ஐசிஎம்ஆரே தெளிவுபடுத்தியது. அதேபோல, குணமான பிறகு 'நெகட்டிவ் வந்தால்தான் நிம்மதி' என்று வாரம் ஒருமுறை குச்சி விட்டுக்கொள்வதும் வீண். செத்த கிருமியின் துணுக்குகள் வாரக்கணக்கில் சோதனையில் தெரியும். லேசான தொற்று வந்தவர்களை வீட்டுக்கு அனுப்ப மறுசோதனை வேண்டாம் என்று 2020 மே மாதமே மத்திய அரசு சொல்லிவிட்டது.

இப்போது அம்மாவின் பென்சில் குறிப்புக்கு வருகிறேன். உயிர் போகும் தவறு இங்கேதான் நடந்தது. நோயின் முதல் வாரம் காய்ச்சல், உடம்புவலி. ஐந்தாறு நாளில் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள், ரசம் சாதம் கேட்டுச் சாப்பிடுவார்கள். ஆனால் மூச்சுத்திணறல் தொடங்குவதும் பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான். நுரையீரலைச் சேதப்படுத்துவதில் கிருமிக்கு மட்டுமல்ல, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கட்டுக்கடங்காமல் கிளம்புவதற்கும் பங்கு உண்டு. காய்ச்சல் விட்டதும், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை டிராயருக்குள் போட்டவர்கள் பலர். அந்த ஐந்து நாள்தான் அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டிய நாள்கள். இதற்கு முதல் அறிகுறி எந்த நாளில் தோன்றியது என்பது தெரிந்திருக்க வேண்டும். சோதனை முடிவு வந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினால் மூன்று நாள் தவறிப்போகும்.

ஆக்சிமீட்டரையும் சரியாகப் பார்த்தவர்கள் குறைவு. மாடிப்படி ஏறி வந்த கையோடு விரலை நுழைத்தால் ஓர் எண், குளிர்ந்த விரலில் ஓர் எண், நகப்பூச்சோடு ஓர் எண். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து எழுத வேண்டும். 94-க்குக் கீழே போய் நின்றால் அதன்பின் கஷாயம் வைத்துப் பார்க்கும் பேச்சே வேண்டாம், ஆஸ்பத்திரிதான். உட்காரும்போது எண் நன்றாக இருப்பவர்களை வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்ப்பதும் வழக்கத்தில் இருந்தது. மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினால் எச்சரிக்கை. 'எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் பேசுகிறேன்' என்பதை நம்பக்கூடாது. 88-ல் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தவர்களை அந்த மே மாதம் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்.

மருந்தில் நடந்தது நேர் எதிரான தவறு. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு காட்டியது உண்மை. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் எதுவும் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. நம் ஊரில் முதல் பாதி மட்டும் பரவியது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே யாரோ அனுப்பிய மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கினார்கள். அது சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைத் தட்டி வைக்கும். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை வந்தது. 2021 மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்க்கும் அளவுக்குப் போனது.

ஆவி பிடித்தலைப் பற்றி ஒரே வரி: மூக்கடைப்புக்கு இதம், கிருமிக்கு ஒன்றும் ஆகாது, பொது இடத்தில் கும்பலாகப் பிடித்தால் பரவவே செய்யும். காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்து வைப்பதற்குச் செலவிட வேண்டிய அக்கறை தக்காளிக்குப் போனது. மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கொரோனா காற்றில் பரவாது என்று 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே அடித்துச் சொன்னதே!

கட்டுப்பாடுகளிலும் நாள் கணக்குத்தான் காலை வாரியது. 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நடுவில் ஒரே நாள், 25-ஆம் தேதி. நான்கு நாளைக்கான காய்கறியை வாங்க ஊரே ஒரே காலையில் கடைக்குப் போனது. கோயம்பேடு சந்தை நிரம்பி வழிந்தது. சில நாளில் அங்கே தொற்று வெடித்து, மே 5-ஆம் தேதி சந்தையை மூடி, திருமழிசைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போனது. ஓராண்டு கழித்து 2021 மே 24 முழு ஊரடங்குக்கு முந்தைய இரண்டு நாளும் கடைவீதியில் அதே காட்சி. அறிவித்தவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பருப்பும் அரிசியும் இருந்தும், கொத்தமல்லிக்காக அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

பிந்திப் போனதற்கு ஒரு காரணம் பயம், நோயைப் பற்றிய பயம் மட்டும் அல்ல. தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்த காலம் அது. தகரத்துக்கும் ஸ்டிக்கருக்கும் அக்கம்பக்கத்துப் பேச்சுக்கும் அஞ்சியே பலர் காய்ச்சலை மறைத்தார்கள். வாசல் தெளிக்கும்போது எதிர்வீட்டுப் பார்வையைத் தாங்க முடியாமல் ஐந்து நாளைத் தொலைத்த குடும்பங்கள் உண்டு.

தடுப்பூசிக்கு வருவோம். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். எங்கள் பகுதி முகாம் அடுத்த வாரமே காலியாகக் கிடந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது. அவருக்கு இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று, ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அந்த அக்டோபரில் சொன்னபோது கேட்க ஆளில்லை. பயத்தில் ஊசியைத் தள்ளிப்போட்டவர்களில் பலர் டெல்டா திரிபு அலையின் உச்சத்தில் பாதுகாப்பே இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள்.

போட்டவர்கள் செய்த தவறு வேறு. ஊசி போட்ட அன்று மாலையே மாஸ்க்கைக் கழற்றினார்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டாம் தவணைக்குப் பிறகும் இரண்டு வாரமாவது ஆகும். கோவிஷீல்டு தடுப்பூசியின் இரு தவணைகளுக்கு இடைவெளி முதலில் 4–6 வாரம், பிறகு 6–8, 2021 மே மாதம் 12–16 வாரம் என்று மாறியதில் குழம்பி, இரண்டாவதை மறந்தே போனவர்களும் இருந்தார்கள். ஞாயிறு கறிச்சோறு சாப்பிட்டால் ஊசி போடக்கூடாது என்ற நம்பிக்கை எவ்வளவு பலமாக இருந்தது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த மெகா முகாமை 2021 அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அசைவத்துக்கும் ஊசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கடைசியாகச் சான்றிதழ். இரண்டாம் தவணைக்கும் அதே செல்போன் எண், அதே அடையாள அட்டையோடு போயிருக்க வேண்டும். என் அத்தை முதல் முறை ஆதாரோடும் மகன் நம்பரோடும் போனார், அடுத்த முறை வாக்காளர் அட்டையோடும் மருமகள் நம்பரோடும் போனார். தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் இணையதளம் அவரை இரண்டு ஆளாக எண்ணிக்கொண்டது. அவரிடம் இன்றைக்கும் இரண்டு முதல் தவணைச் சான்றிதழ்கள் இருக்கின்றன.